ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கில் நிற்கும் செடிகள்: குமரி மாவட்ட வீட்டுத்தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து நின்றுவிடுகிறவர்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்காருகிறவர்கள் என்று எல்லோரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் கீழே போட்டிருக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் சொன்ன யோசனை நம் மாவட்டத்தில் அப்படியே பலிக்காது. நமக்கு இரண்டு மழை. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் சரல் மண் (சரளைக்கல் கலந்த செம்மண்), தென்மேற்கு மழை நின்று பெய்யும். கிழக்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வடகிழக்கு மழையை நம்பித்தான் பிழைப்பு, கூடவே ஆரல்வாய்மொழிக் காற்று. தெற்கே கடல் மணல். பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் மண்ணும் மழையும் மாறிவிடுகிறது. உங்கள் வீடு இதில் எங்கே இருக்கிறது என்பதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

"வருஷக்கணக்குல நிக்கிற செடின்னா மரம் மட்டுந்தானா? வாழை அதுல சேருமா?"

மரம் மட்டும் இல்லை. மா, சக்கை (பலா), தென்னை ஒரு பக்கம். கறிவேப்பிலை, செம்பருத்தி, அரளி, தவசிக்கீரை மாதிரி குத்துச்செடிகள் ஒரு பக்கம். நல்லமிளகு (கறுப்பு மிளகு), பிச்சி, கோவைக்காய் மாதிரி கொடிகள் இன்னொரு பக்கம். மஞ்சள், காச்சில் (பெருவள்ளிக்கிழங்கு), சேம்பு போல மேலே காய்ந்துபோனாலும் மண்ணுக்குள் கிழங்காக உயிரோடு இருப்பவையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

வாழையும் சேரும். குலை வெட்டினதோடு அந்தத் தண்டின் ஆயுள் முடிகிறது, ஆனால் கிழங்கு பக்கக்கன்றாக மறுபடி மேலே வந்துவிடும். தக்காளி, வெண்டை, கத்தரி எல்லாம் வேறு கதை, அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

"வீடு போக ரெண்டு சென்ட்தான் மிச்சம் கிடக்கு. முதல்ல எதை வைக்க?"

அடுக்களையிலிருந்து தினமும் கை நீட்டுவது எதற்கோ அதை முதலில் வையுங்கள். ஒரு கறிவேப்பிலை, ஒரு முருங்கை, வேலியோரமாக நாலைந்து தவசிக்கீரைக் கம்பு, மதிலோரம் ஒரு பிச்சி. தண்ணீர் ஓடிவரும் மூலை இருந்தால் அங்கே வாழை. நல்லமிளகுக்குத் தனி இடமே வேண்டாம், ஏறிக்கொள்ள ஒரு மரம் இருந்தால் போதும். ஒட்டு எலுமிச்சை ஒன்று வைக்கலாம், ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழுகிற இடம் இருந்தால் மட்டும்.

சக்கையும் புளியும் இரண்டு சென்ட்டுக்கு வேண்டாம். ஆசை இருக்கும், எனக்குப் புரிகிறது, ஆனால் பத்து வருஷம் கழித்து நன்றாகக் காய்க்கிற மரத்தை வெட்டுவது அதைவிட வேதனை. தவசிக்கீரையை வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும், பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்கிற பழக்கம் நுரையீரலுக்குக் கெடுதல்.

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றாங்களே, மரக்கன்னும் ஆடியில நடலாமா?"

அந்தப் பழமொழி மானாவாரி விதைப்புக்குச் சொன்னது. மரக்கன்றுக்கு நாம் பார்க்க வேண்டியது, நட்ட பிறகு எத்தனை வாரம் ஈரம் தொடர்ந்து கிடைக்கும் என்பதைத்தான். மார்த்தாண்டம், குலசேகரம், தக்கலை பக்கம் என்றால் வைகாசிக் கடைசியில் இரண்டு நல்ல மழை விழுந்து மண் இறங்கினதும் நடலாம். அப்போது நட்டால் தென்மேற்கு மழையும் கிடைக்கும், பின்னாலேயே ஐப்பசி மழையும் கிடைக்கும், தை மாதம் வெயில் ஏறும்போது வேர் கீழே போயிருக்கும். இப்படி இரண்டு மழையை அடுத்தடுத்து வாங்குகிற மண் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அதை வீணாக்கக் கூடாது.

ஆரல்வாய்மொழி, தோவாளை, கன்னியாகுமரி பக்கம் ஆனி ஆடியில் காற்றுதான் அதிகம், மழை கொஞ்சம். அங்கே புரட்டாசிக் கடைசி, ஐப்பசி முதல்தான் சரியான நேரம். எந்தப் பக்கமானாலும் கொட்டுகிற மழை நாளில் நடாதீர்கள். சேறான மண்ணை மிதித்து இறுக்கினால் அது அப்படியே கட்டியாகிவிடும், புது வேர் அதற்குள் நுழையாது.

"எங்க விளையில ஒண்ணரை அடிக்குக் கீழ சரல்தான். குழி எப்படித் தோண்ட?"

மரமாக வளரக்கூடியதற்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் என்பது வழக்கமான அளவு. கறிவேப்பிலை, செம்பருத்தி மாதிரிக்கு ஒன்றரை அடி போதும். சரல் மண்ணில் ஆழத்துக்காக மல்லுக்கட்டுவதைவிட அகலத்தைக் கூட்டுவது நல்லது. மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, அதோடு மக்கின சாணமும் சவறும் (உதிர்ந்த இலைதழை) கலந்து குழியை நிரப்புங்கள். அடியிலிருந்து வந்த சரலை வெளியே கரை கட்டப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

தென்னைக்கு மட்டும் ஒரு பழைய வழக்கம் உண்டு. சரல் மண்ணில் தோண்டின குழியில் இரண்டு கிலோ கல்லுப்பைப் போட்டு, மாதக்கணக்கில் ஆறவிட்டு அதற்கப்புறம் நடுவார்கள். கெட்டி மண் இளகுவதற்கு இது உதவும், வேளாண் துறையினரும் சொல்வதுதான். இதைப் பார்த்துவிட்டு மாங்கன்றுக்கும் உப்பு போட்டுவிடாதீர்கள், கருகிவிடும்.

"நர்சரியில உயரமான கன்னா பார்த்து வாங்கினா சீக்கிரம் காய்க்குமா?"

உயரத்துக்கும் காய்ப்புக்கும் சம்பந்தம் இல்லை. பார்க்க வேண்டியது கீழே. பையின் அடியைத் தூக்கிப் பாருங்கள். தடித்த வேர் ஓட்டை வழியாக வெளியே வந்து தரையில் ஊன்றியிருந்தால், அல்லது பைக்குள் வேர் வட்டமாகச் சுற்றிக் கிடந்தால் அது அங்கே ரொம்ப நாள் நின்ற கன்று. அந்த வட்டத்தைப் பிரிக்காமல் நட்டால் ஐந்து வருஷம் கழித்தும் வேர் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு காற்றுக்கு மரம் சாயும். வாங்கிவிட்டீர்கள் என்றால் நடும்போது அடியில் சுருண்ட வேரைக் கத்தரித்து, பக்கத்து வேர்களை விரலால் பிரித்துவிடுங்கள்.

ஒட்டுக்கன்று என்றால் ஒட்டின இடம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். தண்டில் ஒரு முடிச்சு போல, கொஞ்சம் கோணலாக இருக்கும், சிலதில் பிளாஸ்டிக் நாடா சுற்றியே இருக்கும். நாடாவை அவிழ்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்டு பருக்கும்போது அது உள்ளே வெட்டும். அந்த முடிச்சு மண்ணுக்கு மேலே அரை அடியாவது நிற்கும்படி நடுங்கள். முடிச்சுக்குக் கீழே துளிர்ப்பதை எல்லாம் அன்றன்றைக்குக் கிள்ளி எறிய வேண்டும், அது அடிக்கன்றின் துளிர், நீங்கள் காசு கொடுத்த ரகம் அதில் இல்லை. எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ஒருமுறை விசாரித்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போங்கள் என்றுதான்.

"நட்டதுக்கப்புறம் எத்தனை வருஷம் தண்ணி ஊத்தணும்?"

முதல் இரண்டு கோடைகள். நம் மாவட்டத்தில் தை முதல் பங்குனி வரைதான் கண்டம், அந்த மூன்று மாதத்தை இரண்டு முறை தாண்டிவிட்டால் பெரும்பாலான செடிகள் தாங்களே பார்த்துக்கொள்ளும். தினமும் ஒரு குவளை ஊற்றுவதில் பயனில்லை. மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே படரும். மூன்று நாளைக்கு ஒருமுறை, வாரத்துக்கு இரண்டு முறை என்று வைத்துக்கொண்டு, குழி நிறைந்து மெதுவாக இறங்கும்படி ஒரு குடம் இரண்டு குடம் ஊற்றுங்கள். கடல் மணலில் மட்டும் இது ஆகாது, அதற்குக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

தண்ணீரைவிட முக்கியம் மூடாக்கு. காய்ந்த ஓலை, சவறு, கதம்பை (தேங்காய் மட்டை) எது கிடைத்தாலும் செடியைச் சுற்றின தடத்தில் பரப்பிவிடுங்கள், தண்டைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி. நம் வீட்டு முற்றத்தில் காலையில் கூட்டிக் குவித்து நெருப்பு வைக்கிறார்களே, அந்த இலை முழுவதும் செடிக்குப் போக வேண்டியது. அதை எரிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

"உரம் என்ன போட? எவ்வளவு போட?"

வருஷத்துக்கு இரண்டு தடவை போதும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்கு மழை, தொடங்கி மண் நனைந்ததும் ஒன்று, புரட்டாசியில் ஐப்பசி மழைக்கு முன் ஒன்று. மக்கின சாணம், கொஞ்சம் வேப்பம்பிண்ணாக்கு, அடுப்புச் சாம்பல் இருந்தால் அதுவும். செடியின் மூட்டில், அதாவது தண்டின் அடியில், கொட்டுவது எல்லோரும் செய்கிற தவறு. உண்ணும் வேர் மூட்டில் இல்லை, கிளை நுனியின் நிழல் விழுகிற வட்டத்தில் இருக்கிறது. அங்கே தூம்பாவால் (மண்வெட்டியால்) லேசாகக் கொத்தி, போட்டு, மூடிவிடுங்கள்.

பச்சைச் சாணம் வேண்டாம். அப்புறம், சாணக்குழியைத் தென்னைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் அடிக்கடி கிளறிப் பாருங்கள். கட்டைவிரல் தடிமனில் வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் புழு, காண்டாமிருக வண்டின் புழு. அதை அங்கேயே எடுத்துக் கோழிக்குப் போட்டால், பின்னால் தென்னங்குருத்தில் விசிறி மாதிரி வெட்டு விழுவது குறையும்.

மேற்கே நிறைய மழை வாங்குகிற சரல் மண்ணுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. அந்த மண் புளிப்புத்தன்மை உள்ளது. எவ்வளவு உரம் போட்டாலும் எடுக்காமல் நிற்கிறது என்றால் மண்ணைச் சோதித்துப் பார்த்து, சொல்கிற அளவுக்குச் சுண்ணாம்போ டோலமைட்டோ போட வேண்டியிருக்கும். திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, மண்ணை எடுத்துக்கொண்டு போய்க் கேட்கலாம்.

"கறிவேப்பிலை வச்சு ரெண்டு வருஷமாச்சு, முழங்கால் உயரம் தாண்டல. ராசியில்லைங்கிறாங்க."

ராசிக்கு இதில் வேலை இல்லை. பெரும்பாலும் மூன்று காரணம். ஒன்று நிழல், கறிவேப்பிலைக்கு வெயில் வேண்டும், ஆனால் நாம் அதைக் கிணற்றடியிலோ மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவிலோதான் வைக்கிறோம். இரண்டாவது, தேங்கும் தண்ணீர். மூன்றாவது நாம் பறிக்கும் விதம். ஒவ்வொரு ஈர்க்காக உருவிக்கொண்டே இருந்தால் குச்சி மொட்டையாகி நிற்கும். அதற்குப் பதில் ஒரு சாண் நீளத்துக்கு நுனியோடு வெட்டி எடுங்கள். வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று துளிர் வரும், செடி அடர்த்தியாகும். முதல் வருஷம் மட்டும் கை வைக்காமல் விடுங்கள். பூவும் காயும் வந்தால் கிள்ளிவிடுங்கள், இலை நன்றாக வரும்.

இலையில் காக்கை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருந்தால் தொட்டுப் பாருங்கள், அது நகரும். எலுமிச்சைச் செடிக்கு வரும் அதே வண்ணத்துப்பூச்சியின் புழு, வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சின்னச் செடியை இரண்டு நாளில் மொட்டையாக்கிவிடும். கையால் எடுத்தாலே போதும், வீட்டுக்கு ஒரு செடிக்கு மருந்து அடிக்க வேண்டியதில்லை, அந்த இலையைத்தானே சாப்பிடப் போகிறோம்.

"முருங்கையில இலை காடா வருது, காயே இல்ல."

மேற்குப் பக்கத்துக்காரர்கள் கேட்பது இது. முருங்கை வறட்சி விரும்பி. தொடர்மழையில் பூ வந்தாலும் கொட்டிவிடும். தண்ணீரையும் சாணத்தையும் குறைத்து, வெயில் படும் மேட்டில் வைத்தால் கோடையில் காய்க்கும். குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் நின்றால் இலைக்கு மட்டும்தான் அது ஆகும். அதுவும் நல்லதுதான், கீரைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

விதை போட்டு வருகிற பி.கே.எம்-1 ரகம் ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும், ஆனால் சில வருஷங்களில் ஓய்ந்துவிடும். ஆண்டுக்கணக்கில் வேண்டும் என்றால் நல்ல மரத்திலிருந்து மூன்று நான்கு அடிக் கம்பு வாங்கி ஊன்றுங்கள். காய்ப்பு முடிந்ததும் இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிடுவது அவசியம். ஓங்கி வளரவிட்டால் காயும் எட்டாது, காற்றுக்கு முறியவும் செய்யும். மழைக்காலத்தில் தண்டில் கும்பலாக ஒட்டும் கம்பளிப்பூச்சியைப் பகலிலேயே பாருங்கள், அது கீழே இறங்கி வந்து கூட்டமாக இருக்கும் நேரம், தீப்பந்தத்தைக் காட்டி அழிப்பது பழைய வழி. மரப்பட்டை வேகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நல்லமிளகு கொடி நல்லாத்தான் ஏறுச்சு, மழையில ஒரே வாரத்துல வாடிப்போச்சு. என்ன நோய்?"

விரைவு வாடல். மண்ணிலும் தண்ணீரிலும் பரவும் ஒரு பூஞ்சை வகை, தென்மேற்கு மழையில் மூட்டைத் தாக்கும். முதலில் தரையோரத்து இளம் இலைகளில் கறுப்புத் திட்டு தெரியும், விளிம்பு கொஞ்சம் பிசிறிட்ட மாதிரி இருக்கும். அதைக் கண்டதும் முழித்துக்கொண்டால் காப்பாற்றலாம். கொடி முழுவதும் தொங்கின பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை, வேரோடு பிடுங்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் மறுபடி உடனே நடாமல் இருப்பதுதான் வழி.

வராமல் பார்ப்பதற்கு இரண்டு வேலை. மூட்டில் தண்ணீர் நிற்கவே கூடாது, மண்ணை அணைத்து மேடாக்குங்கள். தரையில் ஓடும் கொடிகளைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள், மாசியில் அதையே வெட்டிப் புதுக் கன்று போடலாம். அடுத்தது, மழைக்கு முன் வைகாசியிலும், ஆவணியில் மழை விட்ட இடைவெளியிலும் போர்டோ கலவை என்கிற பூஞ்சை மருந்தைத் தெளிப்பது. பத்து கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், பத்து கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் தனித்தனியாக பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. வானநீலத்தில் ஒரு கலவை வரும். அதில் பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். நிறம் ஏறாவிட்டால் சரி, அன்றைக்கே தெளித்து முடித்துவிடுங்கள்.

நடும்போது மரத்தின் வடக்குப் பக்கம் நடுங்கள், தெற்கு வெயில் நேராக அடித்தால் இளங்கொடி காய்ந்துபோகும். சக்கை, அயனி (காட்டுப்பலா), தென்னை, சீமைக்கொன்றை எதில் வேண்டுமானாலும் ஏறும். மூன்றாம் வருஷம் மிளகு பார்க்கலாம்.

"மாடியில தொட்டியில மிளகு வருமா?"

வரும், குத்துமிளகு என்று கேட்டு வாங்குங்கள். தரையில் ஓடும் கொடியில் எடுத்த கன்று தொட்டியில் வைத்தாலும் ஏறத்தான் பார்க்கும். காய்க்கிற பக்கக்கிளையிலிருந்து எடுத்த கன்று ஏறாது, புதராக நிற்கும், சீக்கிரமே திரி (மிளகு பிடிக்கிற கதிர்) விடும். பாதி நிழல், ஓட்டை அடைபடாத தொட்டி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மண் மாற்றுவது, அவ்வளவுதான்.

"வாழையில கன்னு எட்டு பத்து நிக்குது. எல்லாத்தையும் விட்டா நிறையக் குலை கிடைக்குமே?"

கிடைக்காது, எல்லாமே மெலிந்துபோகும். தாய்வாழை குலை தள்ளும்வரை கன்றுகளைத் தரைமட்டத்தில் அறுத்துக்கொண்டே வாருங்கள். குலை தள்ளினதும் ஒன்றே ஒன்றை விடுங்கள். அதுவும் ஊசிக்கன்றாக இருக்க வேண்டும், அடி தடித்து, இலை வாள் போலக் குறுகி இருப்பது. அகல இலையோடு சின்னதிலேயே பெரிய ஆள் மாதிரி நிற்பது நீர்க்கன்று, அது வேண்டாம்.

ரகம் கேட்பவர்களுக்கு, வீட்டுக்கு மட்டி ஒன்றும் செந்துளுவன் (செவ்வாழை) ஒன்றும் போதும் என்பேன். மட்டி நம் மாவட்டத்தின் சொத்து, 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது, குழந்தைக்கு முதல் பழம் கொடுக்க நம் ஊரில் அதைத்தான் தேடுவார்கள். ஏத்தன் (நேந்திரன்) பெரிய குலை, காற்றில் முட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

"ஒட்டு மாங்கன்னு வச்ச வருஷமே பூத்துட்டு. விடலாமா?"

மனசைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள். முதல் மூன்று வருஷம் பூவை எடுத்துவிட்டால்தான் மரம் கட்டமைப்புப் பெறும். அந்தச் சின்னக் கன்று இரண்டு மாங்காய்க்காகத் தன் சத்தை எல்லாம் கொடுத்துவிட்டு அப்படியே குன்றிப்போய் நிற்கும்.

நீலம் மாமரம் நம் மாவட்டத்தில் மற்ற இடங்களைப் போல் இல்லாமல் பருவம் தவறியும் பூத்துக் காய்க்கும், அதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம். செங்கவருக்கை என்கிற நாட்டு மா ரகத்தை வைத்திருக்கிற பழைய வீடுகளில் அந்த மரத்தை வெட்டாமல் வைத்திருங்கள், ஒட்டுக்குக் கிளை எடுக்க அந்த மாதிரி மரம் வேண்டும்.

"பிச்சியையும் மல்லியையும் வெட்டினா பட்டுப்போகாதா?"

வெட்டாவிட்டால்தான் பூ குறையும். பூ வருவது புதுத்துளிரின் நுனியில். மல்லிகையை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டுவது வழக்கம். பிச்சியை டிசம்பர் கடைசியில். நம் பக்கம் நவம்பரில் மழை ஓயாது, அதனால் இரண்டு மூன்று நாள் வெயில் கண்ட பிறகு வெட்டுங்கள், ஈரத்தில் வெட்டின காயம் அழுகும். வெட்டின கையோடு இலையையும் உருவி, உரமும் கொடுத்துவிடுங்கள். பூ தோவாளைச் சந்தைக்குப் போகிற தோட்டங்களிலும் இதைத்தான் செய்கிறார்கள்.

"செம்பருத்தி முழுக்க வெள்ளையா மாவு மாதிரி. வேப்பெண்ணெய் அடிச்சும் திரும்ப வருது."

மாவுப்பூச்சி. திரும்ப வருவதற்குக் காரணம் எறும்பு. எறும்புதான் அதைக் கிளைக்குக் கிளை கொண்டுபோகிறது, அதைக் காவலும் காக்கிறது. முதலில் ரொம்ப மோசமான நுனிகளை வெட்டிப் பைக்குள் போட்டு வெளியேற்றுங்கள். ஓஸ் வைத்து வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். அதற்கப்புறம் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்பு, மாலையில் இலையின் அடியில் படும்படி, வாரம் ஒருமுறை மூன்று வாரம். கிளை மதிலைத் தொட்டுக்கொண்டிருந்தால் வெட்டிவிடுங்கள், எறும்பு அந்த வழியாகத்தான் ஏறும்.

"காச்சில் கொடி மார்கழியில காஞ்சு கருகிட்டு. செத்துட்டா?"

சாகவில்லை, தூங்கப் போயிருக்கிறது. தோண்டி எடுத்துப் பொங்கலுக்கு அவித்துத் தின்ன வேண்டிய நேரம் அதுதான். தலைப்பகுதியை மிச்சம் வைத்து மாசி பங்குனியில் திரும்ப ஊன்றினால் மழை வந்ததும் முளைக்கும். மஞ்சளும் இஞ்சியும் இப்படித்தான். அந்த நேரத்தில் பாவம் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால்தான் கிழங்கு அழுகும்.

"ஜாதிக்காய் எட்டு வருஷமா நிக்குது, பூக்குது, ஒரு காய் கூடப் பிடிக்கல."

உங்களுடையது ஆண் மரமாக இருக்கும். ஜாதிக்காயில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. கொட்டை போட்டு முளைத்தது எதுவாகும் என்று பூக்கும்வரை தெரியாது. கொடம்புளியும் இதே கதைதான். பூவைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்: ஆண் மரத்தில் பூ கொத்துக்கொத்தாக நிறைய இருக்கும், பெண் மரத்தில் ஒன்றிரண்டாக, அடி கொஞ்சம் பருத்து இருக்கும்.

வெட்டி எறிய வேண்டாம். பெண் மரத்தின் கிளையை அதில் ஒட்டுக்கட்ட முடியும், தெரிந்தவரைக் கொண்டு செய்யுங்கள். ஒரு கிளையை ஆணாகவே விட்டுவைத்தால் மகரந்தமும் கிடைக்கும். புதிதாக வைப்பவர்கள் மேலே நர்சரி கேள்வியில் சொன்னபடி பார்த்து, பெண் மரத்திலிருந்து எடுத்த ஒட்டுக்கன்றாகவே வாங்கிவிடுங்கள்.

"கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கே, வீட்ல வைக்கலாமா?"

அந்தக் கிராம்பு மாறாமலை மாதிரியான மலைப்பகுதிக் குளிர்ச்சியிலும் ஈரத்திலும் விளைவது. மலையடிவாரத்தில் வீடு, மேலே நிழல், நிற்காத ஈரம் எல்லாம் இருந்தால் முயற்சி செய்யலாம், ஏழெட்டு வருஷம் பொறுத்திருக்க வேண்டும். நாகர்கோவில் டவுனிலோ கடற்கரையிலோ வேண்டாம்.

"நாங்க குளச்சல் பக்கம், கடல் தெரியும். எதை வச்சாலும் இலை ஓரம் கருகுது."

உப்புக்காற்று ஒன்று, கோடையில் கிணற்றுத் தண்ணீர் கரிப்பது இன்னொன்று. முதலில் காற்று வரும் பக்கம் ஒரு தடுப்பு வேண்டும்: பூவரசு, புன்னை, கொல்லாமரம் (முந்திரி), அரளி. அதற்குள்ளே தென்னை, சப்போட்டா, முருங்கை, நித்தியகல்யாணி எல்லாம் தாங்கும். கறிவேப்பிலையை வீட்டின் மறைவில் வையுங்கள்.

மணலில் தண்ணீர் நிற்காது என்பதால் குழியின் அடியில் கதம்பையை உட்குழி மேலே பார்க்கும்படி இரண்டு அடுக்காக அடுக்கி, அதன் மேல் மண்ணும் சாணமும் நிரப்புங்கள். ஒவ்வொரு கதம்பையும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முன்னே சொன்ன வாரம் இரண்டு முறை கணக்கு இங்கே செல்லாது, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்ற வேண்டும். கதம்பைத் தூள் போடுவதாக இருந்தால் மக்கினது மட்டும்.

"வயலை நிரப்பி வீடு கட்டினோம். எந்த மரமும் ரெண்டு வருஷத்துக்கு மேல நிக்கல."

கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த மண், அடியில் களி, தண்ணீர் மட்டம் மேலே. அதன்மேல் கட்டட இடிபாடும் சிமென்டும் கொட்டியிருப்பார்கள். வேர் இரண்டு வருஷத்தில் களியைத் தொடும், மழைக்காலத்தில் மூச்சு முட்டிச் சாகும். இங்கே குழி தோண்டாதீர்கள், மேடு கட்டுங்கள். இரண்டடி உயரம், ஐந்தடி அகலம், வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணும் சாணமும். அதில் எலுமிச்சை, கறிவேப்பிலை, மிளகு எல்லாம் வரும். சேம்பு, சாம்பக்கா மரம், வரப்பில் தென்னை ஆகியவை ஈரத்தைத் தாங்கும். மா, சக்கை ஆசையை விட்டுவிடுங்கள், சக்கைக்குத் தேங்கின தண்ணீர் ஆகவே ஆகாது.

"ஓக்கி புயலுக்கப்புறம் வீட்டுப் பக்கத்துல மரம் வைக்கவே பயமா இருக்கு."

2017 நவம்பர் 30-ல் நாம் பார்த்தது யாருக்கும் மறக்காது. ஆனால் மரமே வேண்டாம் என்பது தீர்வில்லை. ஊறின மண்ணில் அத்தனை காற்று அடித்தால் எந்த மரமும் சாயலாம், ஆனாலும் சில மரங்கள் நாமே சாய்வதற்கு ஏற்பாடு செய்துவைத்தவை. மதில் கட்ட அடித்தளத்துக்குக் குழி தோண்டும்போது ஒரு பக்கத்து வேர் முழுவதையும் வெட்டிவிடுகிறோம், மேலே கிளை அப்படியே இருக்கிறது. அந்த மரம் எந்தப் பக்கம் விழும் என்று சொல்லத் தேவையில்லை. வேரை வெட்டினால் கிளையையும் குறைத்தாக வேண்டும்.

பெரிய மரங்கள் சுவரிலிருந்து 25 அடியாவது தள்ளி இருக்கட்டும். செப்டிக் டேங்க் பக்கம் எந்த மரமும் வேண்டாம். மழைக்கு முன் சித்திரை வைகாசியில் ஒரு பக்கமாகக் கனத்துப் போன கிளைகளைக் கழித்து, காற்று உள்ளே புகுந்து போகும்படி விடுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் புதுக் கன்றுக்கு இரண்டு பக்கமும் கம்பு நட்டு, தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு வலுப்படாது.

"நாங்க வெளிநாட்டுல, வருஷத்துக்கு ஒரு மாசம்தான் வருவோம். பூட்டின வீட்ல என்ன வைக்க முடியும்?"

நீங்கள் வருகிற மாதம் எது என்பதைப் பொறுத்தது. ஜூனை ஒட்டி வருகிறவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள், வந்ததும் நட்டு, மூடாக்குப் போட்டுவிட்டுப் போனால் இரண்டு மழையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் தண்ணீர் கேள்வியில் சொன்ன அந்த முதல் இரண்டு கோடைக்கு ஆள் வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வருகிறவர்கள் புதிதாக எதையும் நடாமல், பிச்சி மல்லி வெட்டுவது, தடத்தில் கனமாகச் சவறு நிரப்புவது, மிளகுக்கொடி கட்டுவது என்று இருக்கிற செடிகளுக்கு வேலை பாருங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, 'கறிவேப்பிலை, முருங்கை, வாழைக்குலை எல்லாம் நீங்களே எடுத்துக்குங்க, கோடையில மட்டும் கொஞ்சம் தண்ணி காட்டுங்க' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அவர்கள் தொடத் தயங்குவார்கள், பறிக்காத கறிவேப்பிலை காய்த்து ஓய்ந்துவிடும், வெட்டாத வாழை புதர் மண்டிவிடும்.